முரானுஃப் மேட்டுப் படிகள்

தோழியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. ஜூலைக் கடைசி என்பதால் போலந்தின் தலைநகர் வார்சாவின் வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. நான்கு மாடிக் கட்டடம், வெளிர்நிறப் பூச்சு, முன்னால் புல்லும் மரங்களும். தெருவிலிருந்து வாசலுக்கு நேராகப் போக முடியாது. இடையில் ஒரு மேடு, மேட்டில் படிகள். பெட்டியோடு நான் திணறுவதைப் பார்த்துத் தோழியின் கணவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். "பார்த்து ஏறுங்கள், அக்கா" என்றாள் தோழி, தமிழில். அந்தத் தெருவில் பல கட்டடங்கள் இப்படி மேட்டின் மேல்தான் நின்றன. ஆற்றில் வெள்ளம் வரும்போல, அதனால் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

உண்மையான காரணம் ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தோழி வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். ஆமாம், அங்கே தமிழ் கற்றுத்தருகிறார்கள். பேச்சுப் பழக வேண்டும் என்று வந்தவள் எங்கள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தாள்; அப்போது ஏற்பட்ட உறவு. புத்தகத்தில் கற்ற தமிழ் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்து வரை முழுசாகச் சொல்வாள். 2024-ல் அவள்தான் அழைத்தாள். "ஆகஸ்ட் முதல் நாள் இங்கே இருக்கும்படி வாருங்கள்." ஏன் என்று கேட்டேன். "வந்தால் தெரியும்" என்றாள்.

நான் பட்டியல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அரண்மனை, பழைய நகரம், இசைமேதை ஷோபானின் சிலை, மேரி கியூரி பிறந்த வீடு, கலாச்சார மாளிகை என்று வரிசையாக. தோழி அதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் அடியில் செருகினாள். பக்கத்தில் மஞ்சள் காகிதத்தில் செய்த ஒரு பூ குத்தியிருந்தது. "எல்லாம் பார்க்கலாம், அக்கா. ஆனால் எனக்கு வேலைகளும் இருக்கின்றன. என்னோடு வாருங்கள்." அந்த வாரம் முழுக்க அவளுடைய வேலைகளின் வழியாகத்தான் நகரத்தைப் பார்த்தேன். பாட்டிக்கு மருந்து வாங்கப் போகிற வழியில் அரண்மனை. செருப்பு தைக்கக் கொடுத்த கடைக்கு இரண்டு தெரு தள்ளி மேரி கியூரியின் வீடு; ஃப்ரெத்தா தெரு, 16-ஆம் எண், 1867-ல் அவர் பிறந்த இடம். அதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டோம், கடை மூடிவிடும் என்பதால். எனக்கு அதில் குறையே இல்லை.

முதல் நாள் காலை பேசிக்கொண்டே நடந்தவள் திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொன்று பத்து. விரைவாக நடக்க வேண்டும்." அரண்மனைச் சதுக்கத்துக்கு நாங்கள் மூச்சிரைக்க வந்து சேரவும், கோபுரத்தின் மேலிருந்து எக்காளம் ஒலிக்கவும் சரியாக இருந்தது. கடிகாரத்தில் 11:15. முழு மணியும் இல்லை, அரை மணியும் இல்லை, இது என்ன நேரம் என்று கேட்டேன். 1939 செப்டம்பர் 17 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் அந்தக் கோபுரம் எரிந்தது; கடிகாரம் 11:15-ல் நின்றது. 1944-ல் அரண்மனையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1971-ல்தான் அதை மீண்டும் கட்டுவது என்று முடிவாயிற்று. மக்கள் கொடுத்த நன்கொடையில் கட்டினார்கள். 1974 ஜூலை 19 அன்று புதுக் கோபுரத்தில் கடிகாரத்தை ஓடவிட்டார்கள், அதே 11:15-க்கு. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கோபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ முறை கேட்ட எக்காளமாகத்தான் இருக்கும். இருந்தும் அது முடியும் வரை அடுத்த வார்த்தை பேசவில்லை.

சதுக்கத்தின் நடுவே மன்னர் சிக்மண்டின் தூண். 1644-ல் நிறுவியது, 1944-ல் சாய்த்தார்கள், 1949-ல் மறுபடி நிறுத்தினார்கள். தூணின் பழைய உடல் உடைந்த துண்டுகளாக அரண்மனையின் ஓரத்தில் புல்லில் கிடக்கிறது. சுற்றி வேலி கிடையாது. தோழி அதில் கை வைத்தபடி நின்றாள். குழந்தையாக இருந்தபோது அதன் மேல் ஏறி விளையாடியிருக்கிறாளாம்.

அங்கிருந்து பழைய நகரம். மஞ்சள், காவி, பச்சை என்று முகப்புகள். ஜன்னல்களுக்கு மேலே சிற்ப வேலை. நடுச் சதுக்கத்தில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி, நகரத்தின் சின்னம். பார்த்தால் முந்நூறு, நானூறு வருடம் இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் சதுக்கம் திறக்கப்பட்டது 1953 ஜூலை 22-ல். போரில் பழைய நகரத்தின் பெரும்பகுதி செங்கல் குவியலாகிவிட்டது. 1945 பிப்ரவரியில், போர் முடிவதற்கு முன்பே, தலைநகரைத் திரும்பக் கட்டுவதற்கென்று ஓர் அலுவலகம் ஏற்படுத்தினார்கள். போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் ஒவ்வொரு வீட்டையும் அளந்து வரைந்த படங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்தோ பெல்லோத்தோவின் நகரக் காட்சிகளும் உதவின. அந்த ஓவியங்கள் இப்போது அரண்மனைக்குள் தொங்குகின்றன. ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய தெரு.

"அப்படியென்றால் இது நிஜமான பழைய நகரம் இல்லையே, நகல்தானே" என்று பயணக் குறிப்புகளில் எழுதுகிறவர்கள் உண்டு. கிளம்புவதற்கு முன் நானும் படித்தேன், ஓரளவு நம்பவும் செய்தேன். தோழியின் பாட்டியைப் பார்த்த பிறகு அந்தச் சொல் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

பாட்டிக்கு 88 வயது. விஸ்துலா ஆற்றுக்கு அந்தப் பக்கம், ப்ராகா பகுதியில் இருக்கிறார். (ஆற்றின் பெயரை அவர்கள் 'விஸ்வா' என்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஆற்றோடு ஒரு நெருக்கம்.) 1944-ல் அவருக்கு எட்டு வயது. ஆகஸ்ட் 1 அன்று நகரம் ஜெர்மானியருக்கு எதிராக எழுந்தது. 63 நாள் போரிட்டுத் தோற்றது. இறந்த பொதுமக்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. மிஞ்சியவர்களை ஊரைவிட்டே விரட்டினார்கள், ஆளில்லாத நகரத்தைத் தெருத் தெருவாக எரித்தார்கள், தகர்த்தார்கள். பாட்டி அம்மாவோடு நடந்தே வெளியேறியவர். அடுத்த வசந்தத்தில் திரும்பி வந்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு, இடிபாட்டில் எடுத்த செங்கல்லில் ஒட்டியிருந்த சாந்தைத் தட்டி எடுத்துச் சுத்தம் செய்கிற வேலைக்கு வகுப்போடு போனாராம். தோழி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். பாட்டி தன் வலது கையை விரித்து, இல்லாத சுத்தியலால் இல்லாத செங்கல்லை மூன்று தட்டுத் தட்டிக் காட்டினார். பிறகு அதைத் திருப்பி அடுத்த பக்கம் தட்டினார். எண்பது வருடம் கழித்தும் கைக்கு வேலை மறக்கவில்லை.

பழைய நகரத்தில் எந்தச் சுவரில் அந்தக் கல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "எல்லாவற்றிலும்" என்றார்.

யுனெஸ்கோ 1980-ல் இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, பழமைக்காக மட்டும் அறிவிக்கவில்லை. இப்படித் திரும்பக் கட்டிய உழைப்புக்காகவும்தான்.

நடுநடுவே சாப்பாடு. 'பார் ம்லெச்னி' என்று ஒரு வகை உணவகம் இருக்கிறது. பெயருக்குப் பால் உணவகம் என்று பொருள். அரசு மானியத்தில், மலிவு விலையில், வீட்டுச் சமையல் மாதிரி கிடைக்கும். கல்லாவில் சொல்லிப் பணம் கட்டி, சீட்டை வாங்கிச் சமையலறை ஜன்னலில் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துத் தட்டை இன்னொரு ஜன்னலில் வைக்க வேண்டும். உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வைத்த பியெரோகி, மேலே வதக்கிய வெங்காயம். குடிக்கப் பழங்களை வேகவைத்த கொம்போட். மாணவர்களும் பென்ஷன்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். தோழி தன் பல்கலைக்கழக நாட்களில் வாரத்தில் நான்கு நாள் இங்கேதான் சாப்பிட்டாளாம். தமிழ் உயிர்மெய் எழுத்துகளை ஒரு மூலை மேஜையில்தான் மனப்பாடம் செய்தாளாம். எந்த மேஜை என்று காட்டினாள். என் பட்டியலில் இல்லாத இடம் அது. பட்டியலில் இருந்த எதையும்விட எனக்கு அங்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

கலாச்சார மாளிகை விஷயத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. 237 மீட்டர் உயரம். ஸ்டாலின் காலத்தில் சோவியத் யூனியன் 'பரிசாக'க் கட்டத் தொடங்கி 1955-ல் முடித்தது. இப்போது பக்கத்திலேயே அதைவிட உயரமான ஒரு கண்ணாடிக் கோபுரம் வந்துவிட்டது. ஆனால் நகரத்தில் எங்கே நின்றாலும் கண்ணில் படுவது அதுதான். கணவர் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. அவருடைய அப்பா அது இடிபடும் நாளைப் பார்க்காமலே போய்விட்டாராம். தோழிக்கோ அது நீச்சல் குளம். மாளிகைக்குள் சிறுவர்களுக்கான பகுதியில் ஒரு குளம் இருக்கிறது. ஏழு வயதில் அங்கேதான் நீந்தக் கற்றாள். "குளோரின் வாசனை வந்தால் எனக்கு இந்தக் கட்டடம் நினைவுக்கு வரும்" என்றாள். அவர் எதுவும் சொல்லாமல் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். முப்பதாவது மாடியில், 114 மீட்டர் உயரத்திலிருக்கும் காட்சித் தளத்துக்கு நாங்கள் இருவரும் போய்வரும் வரை கீழே காத்திருந்தார். ஒரு கட்டடத்தைப் பற்றி ஒரே வீட்டுக்குள் இரண்டு நினைவு இருக்க முடியும் என்பது, தனியாகப் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வாஜியென்கி பூங்கா. கோடை முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் 12 மணிக்கும் 4 மணிக்கும் ஷோபான் சிலையின் அடியில் பியானோ இசை. கட்டணம் இல்லை, புல்தரையில் உட்கார்ந்து கேட்கலாம். காற்றில் வளைந்த மரத்தின் கீழே ஷோபான் உட்கார்ந்திருக்கிறார். ஆக்கிரமிப்புக் காலத்தில், 1940-ல், அந்தச் சிலையையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1958-ல் திரும்ப வைத்தார்கள். பாரிசில் 1849-ல் இறந்த அவருடைய இதயத்தை மட்டும் அக்கா லுத்விகா மறைத்து எடுத்து வந்தார். பரிசுத்த சிலுவைத் தேவாலயத்தில் ஒரு தூணுக்குள் இருக்கிறது. மறுநாள் அந்தத் தூணுக்கு முன்னால் நின்றோம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது பூங்காதான். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, உள்ளங்கையில் கொட்டை வைத்துக்கொண்டு, இசைக்கு நடுவே மிக மெல்லிய குரலில் "பாஷா, பாஷா" என்று அணிலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அணிலை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். செம்பழுப்பு அணில் வந்தது. வாங்கிக்கொண்டு போயிற்று.

ஒஹோத்தா பகுதியில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. "இது உங்கள் இடம்" என்று கூட்டிப்போனார்கள். சோவியத் யூனியனுக்கு நாடுகடத்தப்பட்ட போலந்துக் குடும்பங்களின் அனாதைக் குழந்தைகளை, 1942-ல் தன் நாட்டுக்கு வரவழைத்து, கடலோரம் பாலாசடியில் முகாம் அமைத்துப் பார்த்துக்கொண்டவர், இன்றைய குஜராத்திலிருந்த நவாநகர் சமஸ்தானத்தின் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே போர் முடியும் வரை வளர்ந்தார்கள். எனக்கு அந்தப் பெயரே புதிது. தோழியின் கணவர் பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல முழுப் பெயரையும் சொன்னார். என் நாட்டுக்காரர் ஒருவரை இன்னொரு நாட்டில் அறிமுகப்படுத்திக்கொண்டதில் வெட்கம் வந்தது. அதைவிட நன்றிதான் அதிகம்.

ஜூலை 31 மாலை, எந்த வேலையும் இல்லாமல், "இன்று நம் தெருவையே சுற்றலாம்" என்றாள்.

வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்திருப்போம். நடைபாதையில் ஒரு இரும்புப் பட்டை பதிந்திருந்தது. அதில் 'கெட்டோ சுவர்' என்று எழுத்து. 1940, 1943 என்று ஆண்டுகள். ஒரு பையன் அதன் மேல் ஸ்கூட்டரில் தாண்டிப் போனான். சுவர் இல்லை, சுவர் ஓடிய கோடு மட்டும் தரையில். யூதர்களை அடைத்துவைத்த அந்தச் சுவருக்குள் ஒரு கட்டத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1942 கோடையில் அவர்களில் பெரும்பாலோரை ரயிலேற்றி ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்கள் 1943 ஏப்ரல் 19 அன்று ஆயுதம் எடுத்தார்கள். ஃப்ரிட்ஜில் குத்தியிருந்த காகிதப் பூ அந்த நாளுக்கானது, டாஃபடில். ஒவ்வொரு ஏப்ரல் 19-லும் நகரத்தில் சட்டையில் குத்திக்கொள்வார்கள். அந்தப் போராட்டத்தை அடக்கிய பிறகு முழுப் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள்.

கெட்டோ வீரர்களின் நினைவுச்சின்னத்தைத் தாண்டினோம். 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் சான்சலர் வில்லி பிராண்ட் மண்டியிட்ட இடம். அடுத்து மிவா தெரு, 18. ஒரு மண்மேடு, மேலே ஒரு கல். கிளர்ச்சியின் தளபதி மொர்தெகாய் அனியெலெவிச்சும் தோழர்களும் 1943 மே 8 அன்று இறந்த பதுங்குகுழி அதன் அடியில். உடல்களை எடுக்கவில்லை. அவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். "மிவா என்றால் இனிய என்று பொருள், அக்கா. இனிய தெரு" என்றாள். சுற்றிலும் குடியிருப்புகள்; ஒரு பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, இன்னொன்றில் யாரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

திரும்பி வரும்போதுதான் சொன்னாள். முரானுஃப் என்ற இந்தப் பகுதி முழுக்க இடிபாடு. அள்ளிக்கொண்டு போக முடியாத அளவு. 1949-ல் புதுக் குடியிருப்பு கட்டத் தொடங்கியபோது கட்டடக் கலைஞர் போஹ்தான் லாஹெர்ட் அதை அகற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தார். இடிபாட்டை மேடாக ஒழுங்குபடுத்தி அதன் மேல் வீடுகளை நிறுத்தினார். செங்கல்லை நொறுக்கிக் கலந்த கட்டிகளால்தான் சுவர்களையும் எழுப்பினார்கள். அந்தச் சிவப்பு வெளியே தெரியும்படி பூச்சில்லாமல் விட வேண்டும், அதுவே நினைவுச்சின்னமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். சோகமாக இருக்கிறது என்று குறை வந்ததால் பிறகு பூசிவிட்டார்கள்.

நாங்கள் படிகளுக்கு முன்னால் வந்துவிட்டோம். நான் நின்றுவிட்டேன். ஐந்து நாளாக ஏறி இறங்கிய படி. அதன் அடியில் அடுப்படிகள், கதவுகள், தட்டுகள், இன்னும் என்னவெல்லாம். அவள் எனக்கு முன்னால் இரண்டு படி ஏறி, திரும்பிப் பார்த்து, இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தால் உங்களால் தூங்க முடிந்திருக்காது. நான் இங்கே பிறந்தேன். எனக்கு எட்டாவது வகுப்பில்தான் தெரியும். தெரிந்த அன்றும் இதே படியில் ஏறித்தான் வீட்டுக்குப் போனேன். வேறு வழி இல்லை, அக்கா."

ஒரு வழிகாட்டி இந்தத் தகவலை எனக்கு முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருப்பார், சரியான ஆண்டுகளோடு. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவள் எனக்கு அந்த வீட்டில் ஐந்து இரவு தூங்கவும், சமையலறையில் வெங்காயம் நறுக்கவும், மாடியில் குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்கவும் அவகாசம் கொடுத்தாள். தான் தெரிந்துகொண்ட அதே வரிசையில் என்னையும் தெரிந்துகொள்ள விட்டாள்.

மறுநாள் ஆகஸ்ட் 1. 1944 கிளர்ச்சியின் 80-ஆம் ஆண்டு. நாலரை மணிக்குப் பாட்டியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்திலிருந்த டிராம் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனோம். ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பாட்டி கையை நீட்டினார். தோழி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்து நின்றார். சைரன் ஒலித்தது. வந்துகொண்டிருந்த டிராம் சந்திப்பிலேயே நின்றது. ஓட்டுநர் இறங்கி அதன் பக்கத்தில் நின்றார். கார்களை விட்டு ஆட்கள் இறங்கினார்கள். கையில் பையோடு ஒருவர், கையில் ஐஸ்கிரீமோடு ஒரு சிறுமி. ஐஸ்கிரீம் உருகி விரல்களில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. பாட்டியின் எடை என் முன்கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதை உணர்ந்தேன். கைப்பேசி பைக்குள்ளேயே இருந்தது. அதை எடுக்கத் தோன்றாததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

ஒரு நிமிடம். சைரன் இறங்கி அடங்கியது. பாட்டி உட்கார்ந்தார், பாவாடையைச் சரிசெய்துகொண்டார், தோழியிடம் ஏதோ கேட்டார். "பால் வாங்கினாயா என்று கேட்கிறார்" என்றாள்.

இரவு ஆற்றின் பக்கம் போனோம். நகரத்து இடிபாட்டைக் கொட்டியே உருவான ஒரு குன்று அங்கே இருக்கிறது. உச்சியில் அன்று இரவு ஒன்பது மணிக்குத் தீ மூட்டுகிறார்கள்; கிளர்ச்சி நடந்த 63 நாளும் அது அணையாது, ஊர்க்காரர்களே முறைவைத்துக் காவல் இருப்பார்கள். மேலே போகிற பாதையில் கான்கிரீட்டுக்குள் செங்கல் துண்டுகள் அப்படியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். தோழியின் கணவர் கைப்பேசி விளக்கை அதில் காட்டினார். ஒருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வரும்போது பதினொன்றரை. தெருவிளக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மேட்டின் அடியில் ஒரு கணம் நின்று, அவள் என் கையைப் பிடித்தாள்.

"பார்த்து ஏறுங்கள், அக்கா" என்றாள்.